பனிக்கு அடியில் நடுக்கோடு

பனி விழும் நாட்டில் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டவன் நான்தான். இத்தனை வருஷத்தில் இந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், சிரித்தவர்கள் உண்டு, நம்பாமல் எழுந்து போனவர்கள் உண்டு, ஆனால் கோடு போட்டது யார் என்று கேட்டவர்களிடம் ஒருநாளும் நான் வேறு பெயர் சொன்னதில்லை.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்கி ஆறாவது மார்கழி அது. இத்தாலியில் மலைமேல் மோந்தே கல்வீனோ என்ற ஊரில் எங்கள் பட்டாளக் கம்பெனி தங்கியிருந்தது. நாங்கள் மதராஸ் சாப்பர்கள். ஆற்றின்மேல் இரும்புப் பாலம் பூட்டுவதும், எதிரி புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பதும் எங்கள் வேலை, துப்பாக்கி பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் பெயர்கள் வாயில் நுழையாத வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லோரையும் ‘தம்பி’ என்று கூப்பிட்டார்கள், அதைக் கேட்ட ஊர்க்காரர்கள் ‘தாம்பி’ என்று கூப்பிட்டார்கள். ஊரில் நாற்பது வீடுகள், குண்டு விழுந்து பாதி இடிந்த ஒரு மாதாகோயில், ஒரு கிணறு, ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு ரொட்டி அடுப்பு, அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடுவில் கோதுமை அடிக்கிற பெரிய மண்களம். இளவட்ட ஆண்கள் ஒருவரும் இல்லை. சண்டை அவர்களை ஆளுக்கொரு திசையில் அள்ளிக்கொண்டு போயிருந்தது.

அந்தக் களத்தில்தான் நாங்கள் சடுகுடு ஆடத் தொடங்கினோம். வேறு ஒன்றுமில்லை, குளிர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கீழே சரிவில் பந்து உதைத்தார்கள். எங்களுக்குப் பந்து வேண்டியதில்லை, ஒரு கோடும் ஒரு மூச்சும் போதும். முதல் நாள் ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள் நின்று, வளர்ந்த ஆண்பிள்ளைகள் தொடையைத் தட்டிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே ஓடுவதையும், ஓடிப் போனவன்மேல் ஏழு பேர் விழுந்து அமுக்குவதையும் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவர்களுக்கு மூச்சின் கணக்கு பிடிபட்டது. ஐந்தாம் நாள் பீப்பாய் செய்கிற நிக்கோலா கிழவர் புகைக்குழாயை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு களத்துக்குள் வந்து நின்றார். பத்தாம் நாள் பட்டாளம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. ஊர்ப் பக்கத்தில் நிக்கோலா, அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்ட சாமியார் தோன் எலீஜியோ, மாவு மில்லுக்காரரின் மகள்கள் மூன்று பேர், கோயில் மணி அடிக்கிறவர், கடைசியாக, வலது கோடியில், ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஜுஸ்தீனா.

பெண்களைத் தொடுவதற்கு எங்கள் ஆட்கள் கூசினார்கள். ஹவில்தார் தேவசகாயம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர்தான் ஒரு வழி சொன்னார்.

“ஏலே, சட்டைக் கையத் தொட்டா போதும், அதுவே கணக்கு. கையப் புடிச்சான்னு எவன் மேலயாவது புகார் வந்துச்சு, அவன நானே கோர்ட் மார்ஷல் பண்ணிருவேன்.”

பெண்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. முதல் பாட்டுக்கு, சடுகுடு பாடிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குள், நான் போனேன். ஜுஸ்தீனாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் செத்ததிலிருந்து கறுப்பு உடுப்பு, நாள் முழுக்க மாவு பிசைந்து பிசைந்து உலக்கை மாதிரி ஆன கைகள். என் கணுக்காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, என் முதுகின்மேல் உட்கார்ந்துகொண்டு, என் மூச்சு போகும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

“ஒரு பொம்பள மேல குந்தினதுக்கே மூச்சு போச்சே மச்சான்,” என்றான் வேடியப்பன். “எந்தங்கச்சியக் கட்டிக்கினு நீ இன்னா பண்ணப் போற?”

வேடியப்பன் என் அத்தை மகன். திருவண்ணாமலைக்கு மேற்கே எங்கள் ஊர். இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். சுற்றுவட்டாரத்தில் அவனைப்போலப் பாடுகிறவன் கிடையாது. எதிர்ப்பக்கத்தின் கடைசி ஆள்வரை உள்ளே போவான். போனால் யாரையாவது தொடாமல் திரும்பமாட்டான். ரயிலடியில் எங்களை வழியனுப்ப வந்த அவன் தங்கை பச்சையம்மாள், எனக்கென்று பேசி வைத்திருந்த பெண், எல்லோரும் மாலை போட்டு அழுதுகொண்டிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “மாமா, எங்க அண்ணனுக்கு உள்ள போறதுக்குத் தெரியும், திரும்பி வர்றதுக்குத் தெரியாது. நீங்க கோட்டுல நில்லுங்க. அவன உங்ககிட்டதான் கேப்பேன்.”

அவள் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நடுக்கோட்டை யார் போடுகிறானோ அவன் ஆடமாட்டான்; கோட்டின் முனையில் நிற்பான்; கடைசிப் பாட்டுக்காரன் திரும்பி வந்து கோட்டைத் தொடும்வரை மழை வந்தாலும் மாடு முட்டினாலும் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். கோடு அழிந்தால் அவன்தான் மறுபடி போட வேண்டும், பழைய இடத்திலேயே போட வேண்டும். ஆட்டத்தில் எல்லாம் ஏமாற்றலாம், கோட்டை ஏமாற்றக் கூடாது.

இன்னொரு நாள் கோடு போடும் முறை எனக்கு வந்தது. கோயில் சுவரைப் பூசுவதற்காக வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி, ஊரில் போடுவதுபோலவே, வெள்ளை வெளேரென்று நேராக ஒரு கோடு போட்டுவிட்டு முனையில் போய் நின்றேன். வேடியப்பன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூச்சை இழுத்து, ‘சடுகுடு’ என்று கோட்டைத் தாண்டினான். நிக்கோலா விலகினார், சாமியார் பின்வாங்கினார், அவன் உள்ளே உள்ளே போய் ரொட்டி அடுப்பின் ஓரம்வரை போனபோது வானத்திலிருந்து ஏதோ விழுந்தது.

எங்களில் ஒருவனும் அதுவரை பனி விழுந்து பார்த்ததில்லை. கல்யாணத்தில் அட்சதை போடுவதுபோல மெதுவாக, சத்தமில்லாமல், பஞ்சுபஞ்சாக வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கைகளை ஏந்திக்கொண்டு ஓடினார்கள். ஹவில்தார் வாயைத் திறந்து நாக்கில் வாங்கினார். நானும் போனேன். கோட்டின் முனையை விட்டு நாலே அடிதான், கிணற்றோரம் தடிப்பாக விழுகிறது என்று போய், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டி, விழுந்த பனி கையில் கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெற்றிலை மென்று முடிக்கிற நேரம் இருக்கும். திரும்பிப் பார்த்தேன். களம் முழுக்க வெள்ளை. கோட்டைக் காணோம்.

வேடியப்பன் பாடிக்கொண்டே திரும்பி வந்தான். வந்தவன் நடுக்களத்தில் நின்று குனிந்து பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் இருக்க வேண்டிய இடத்தில் நான் இல்லை. அவன் திரும்பி உள்ளே போனான். பாட்டை நிறுத்தவில்லை.

மண்வெட்டி எடுத்துப் பனியை வாரினோம். பனியோடு சுண்ணாம்பும் வந்துவிட்டது, அடியில் ஈர மண்தான் இருந்தது. நான் உத்தேசமாக ஒரு கோடு போட்டேன். அவன் கிட்டே வந்து பார்த்து, பிடிக்காத தீவனத்தை மாடு ஒதுக்குவதுபோலத் தலையை அசைத்துவிட்டுப் போனான். இரண்டடி தள்ளி இன்னொன்று போட்டேன். அதையும் ஒதுக்கினான். மூன்றாவது கோடு போட எனக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் ஆனது, விடிந்தது, மறுபடி சாயங்காலம் ஆனது, அவன் மூச்சு அறவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளைக்கார டாக்டர் வந்து அவன் கூடவே நடந்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சு வெளியே வருகிறது, உள்ளே போகவில்லை, தொண்டை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கொப்பளிப்பதற்கு ஒரு பாட்டில் மருந்தும் வைத்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் அப்போது ஒன்று புரிந்தது. ஊரில் என்றால் எதிர்ப்பக்கத்தில் மூச்சு விட்டவன் ஆட்டத்திலிருந்து விலகி ஓரமாக உட்காருவான், அவ்வளவுதான். இங்கே மூன்று நாளாக ஒரே மூச்சில் நிற்கிறவனுக்கு அது கோட்டுக்கு அந்தப் பக்கம் அறுந்தால் ஆளே அறுந்துபோவான். அதனால் அவனைப் பிடித்து நிறுத்தலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஊர் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சண்டைக்காலத்தில் கூரை போகிறது, பாலம் போகிறது, பிள்ளைகள் போகிறார்கள். ஒருவனுக்கு மூச்சு போகாமல் இருப்பது அவர்களுக்கு நல்ல மாறுதலாகத்தான் இருந்தது. ஆட்டம் முடியாததால் ஊர்ப் பக்கமும் களத்தை விட்டுப் போகக் கூடாது என்று நிக்கோலா நியாயம் சொன்னார். எப்போதும் இரண்டு பேராவது நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று, முறைபோட்டு நின்றார்கள், இரண்டாம் நாளே நாற்காலி வந்தது, நாலாம் நாள் கணப்புச்சட்டி வந்தது, பிறகு மில்லுக்காரரின் மகள்கள் காலுறை பின்னுகிற வேலையையும் அங்கேயே கொண்டுவந்துவிட்டார்கள். கோயில் மணி குண்டில் போயிருந்ததால், மணி அடிக்கிறவர் அவன் சுற்றை வைத்து நேரம் சொன்னார். அத்திமரத்தோரம் பாட்டு கேட்டால் ரொட்டிக்கு மாவு பிசைகிற நேரம், சுவரோரம் கேட்டால் ஆடுகளைத் திருப்புகிற நேரம். தூங்காத குழந்தைகளைத் தாய்மார் களத்துக்குத் தூக்கிவந்தார்கள், சடுகுடு சடுகுடு என்று அவன் இரண்டு முறை கடந்து போவதற்குள் குழந்தைகள் தூங்கின. அடுப்பில் ரொட்டி முன்னைவிட ஒரு விரற்கடை அதிகம் உப்பியது. அவன் நடந்த வழியில் பனி தங்கவில்லை. ஊர்ப் பக்கம் முழுக்க அவன் காலடி ஒரு வட்டமாகக் கரைந்து, அந்த வட்டத்தில் போன அறுவடையில் சிந்திய கோதுமை, மார்கழியில், பச்சையாக முளைத்தது.

தோன் எலீஜியோவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. நாள் முழுக்க உதடு அசைத்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதன் ஜெபம் செய்கிறானா இல்லையா என்று ஒருவாரம் யோசித்தார். கடைசியில், அவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கூப்பிடுகிறான் என்பது தெரிகிறது என்று சொல்லிவிட்டு, பூசையைக் களத்துப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

எங்கள் பட்டாளமும் பழகிக்கொண்டது. காலையில் ஹவில்தார் பேர் கூப்பிடுவார். “சாப்பர் வேடியப்பன்” என்பார். களத்திலிருந்து ‘சடுகுடு’ என்று கேட்கும். “ஆஜர்” என்று குறித்துக்கொள்வார். காப்டன் துரை கேட்டபோது, உடற்பயிற்சியில் இருக்கிறான் என்று சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சமையல்காரன் ஒவ்வொரு வேளையும் அவன் தட்டைக் கணப்புச்சட்டியோரம் மூடி வைத்தான், ஒவ்வொரு வேளையும் அதை எடுத்துப்போய்க் கோழிகளுக்குப் போட்டான்.

நான் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. வேலையில்லாத நேரமெல்லாம் களத்தோரம் நின்றேன். எனக்கு எழுத்து வந்ததே பட்டாளத்தில்தான், வேடியப்பனுக்கு அதுவும் வரவில்லை, அவன் தங்கைக்கு எழுதும் கடுதாசியை அவன் சொல்லச்சொல்ல நான்தான் எழுதுவேன். அந்த மாதக் கடுதாசியை எடுத்து வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல், ‘உன் அண்ணன் சுகம். பாடப் போயிருக்கிறான்’ என்று இரண்டு வரி எழுதி ஒட்டினேன்.

பதினெட்டாம் நாள் உத்தரவு வந்தது. வடக்கே ஒரு ஆற்றுக்குப் பாலம் வேண்டுமாம்; மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு லாரிகள் கிளம்ப வேண்டும்.

ஹவில்தார் என்னைக் கூப்பிட்டார். “நாளைக்கு அவன் லாரில ஏறலேன்னா நான் ஆஜர் போட முடியாதுலே. ஓடிப்போனவன்னு எழுதுவானுவ. நாம போன பெறவு இந்தப் பனியில அவன் மூச்சு எத்தன நாளு நிக்கும்? யோசி. கோடு போட்டவன் நீ.”

மறுநாள் காலையில் பனி நின்று வெயில் வந்தது. நான் கிணற்றடியில் நின்று களத்தைப் பார்த்தேன். பதினெட்டு நாளாக எங்கள் ஆட்களும் ஊர்க்காரர்களும் கோழிகளும் குறுக்கும் நெடுக்கும் நடந்த தடங்கள் எல்லாம் முந்தின சாயங்காலம் விழுந்த பனியில் மூடிப்போயிருந்தன, காலையில் நடந்தவர்களின் தடம் மட்டும் தெரிந்தது. அதில் ஒன்று ஜுஸ்தீனாவினுடையது. மரக்கட்டைச் செருப்பு போடுகிறவள் ஊரில் அவள் ஒருத்திதான். அடுப்பிலிருந்து கிணற்றுக்குத் தண்ணீருக்கு வந்திருக்கிறாள். நேராக வந்தால் முப்பது அடி. அவள் தடம் நேராக வந்து, நடுக்களத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், சுவரில் முட்டினதுபோல நின்று, வலது பக்கம் திரும்பி, ஒரு நூல் பிடித்ததுபோலக் களத்தின் ஓரம்வரை போய், கோயிலைச் சுற்றிக்கொண்டு கிணற்றுக்கு வந்திருந்தது. திரும்பிப் போன தடமும் கோயிலைச் சுற்றித்தான் போயிருந்தது.

ஆட்டத்தில் நிற்கிறவர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. அவள் தாண்டவில்லை.

அடுப்பில் அவள் மக்காச்சோள மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்க் களிபோலவே இருக்கும், வேடியப்பனுக்கு அதில் பைத்தியம். எட்டு மாதமாக அந்த நாட்டில் இருந்ததில் அவள் பாஷை எனக்குக் கொஞ்சம் வந்திருந்தது, மீதியைக் கையால் பேசுவோம்.

“அம்மா, கோடு எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும்,” என்றேன்.

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. “தெரியும்.”

“எப்படி?”

“பனி விழுந்தது. நீங்களெல்லாம் கையை நீட்டிக்கொண்டு ஓடினீர்கள். நான் எத்தனையோ பனி பார்த்தவள், எனக்கு அதில் என்ன இருக்கிறது? நின்ற இடத்தில் நின்றேன். கோடு மூடுகிறதைக் கடைசிவரை பார்த்தேன்.”

“பத்தொன்பது நாளாகச் சொல்லவில்லையே.”

“நீ கேட்கவில்லையே, தாம்பி.”

பிறகு கரண்டியை வைத்தாள். அவள் மகன் எத்தோரே ரஷ்யாவுக்குச் சண்டைக்குப் போனவன். பனிக்குள் பின்வாங்கி வந்தபோது எங்கோ நின்றுபோனான். செத்தான் என்று கடுதாசி வரவில்லை, இருக்கிறான் என்றும் வரவில்லை, இரண்டு மார்கழி ஆயிற்று. ஊரெல்லாம் இது தெரியும், எனக்கும் தெரியும். அவள் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்:

“பனிக்குள் வழி தெரியாமல் நிற்கிறவன் மூச்சு பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். தபால்காரர் சொன்னார், சாமியார் சொன்னார். இவன் என் கண் முன்னால் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் பிடித்தான், அவனும் ஒரு நாள் பிடித்திருப்பான் என்று நினைத்தேன். பத்து நாள் பிடித்தான், பத்து நாள் என்று நினைத்தேன். எப்படி நிறுத்தச் சொல்லுவேன்?”

பச்சையம்மாள் ரயிலடியில் சொன்னதை என் அரைகுறை பாஷையில் சொன்னேன். இவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், இவனை என்னிடம்தான் கேட்பாள் என்றேன். பன்னிரண்டு மணிக்கு லாரி என்றேன்.

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினாள். திரும்பி வந்தபோது, பிரம்பு சுற்றிய பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்றைக் குழந்தையை இடுக்குவதுபோல இடுக்கிக்கொண்டு வந்தாள். எத்தோரே சண்டைக்குப் புறப்பட்ட வருஷம் அவனே மிதித்துப் பிழிந்த திராட்சை ரசம். அவன் வந்து திறக்க வேண்டும் என்று மெழுகு வைத்து மூடியிருந்தது. கத்தியால் மெழுகைச் சுரண்டினாள். குடுவையை என் கையில் கொடுத்தாள்.

“நீ போட்ட கோடு. நீதான் போட வேண்டும் என்று உங்கள் ஊரில் வழக்கம், அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். நான் இடம் காட்டுகிறேன். இந்தத் தடவை வெள்ளை வேண்டாம்.”

அவள் முன்னால் நடந்தாள், தன் தடத்தின் ஓரமாகவே, ஒரு கையைப் பின்னால் நீட்டி இங்கே இங்கே என்று காட்டிக்கொண்டு. நான் பின்னால் போய் ஊற்றினேன். பனியின்மேல் சிவப்பு, தாம்பூலம் போட்ட வாய்போலச் சிவந்து, களத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போயிற்று. ஊர் முழுக்க வந்து நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். கடைசிச் சொட்டையும் ஊற்றிவிட்டு, நான் கோட்டின் முனையில் போய்க் கால்களை ஊன்றி நின்றேன்.

வேடியப்பன் அத்திமரத்தடியில் இருந்தான். கோட்டைப் பார்த்தான், அதன் முனையில் என்னைப் பார்த்தான். பாட்டின் வேகம் கூடியது. நிக்கோலா கிழவர் ஆட்டத்தின் மரியாதைக்காக ஒரு தடவை கையை வீசி மறிப்பதுபோல மறித்து, வழிவிட்டார். வேடியப்பன் ஓடி வந்து வலது கால் கட்டைவிரலைச் சிவப்பில் அழுத்தினான். பாட்டு நின்றது.

பிறகு அவன் மூச்சை உள்ளே இழுத்தான். நேராக மேலே போய்க்கொண்டிருந்த நாற்பது வீட்டுப் புகையும் ஒன்றாக வளைந்து அவன் பக்கம் சாய்ந்தது. கொடியில் காய்ந்த துணிகள் அவனை நோக்கி நீண்டன. கோயிலில் மெழுகுவத்திகள் தலை சாய்த்தன என்று சாமியார் பிறகு சொன்னார். கூரைகளிலிருந்து பனித்தூள் கிளம்பி அவனைச் சுற்றி வந்தது. நெடுநேரம் இழுத்தான். இழுத்து முடித்ததும் முதல் பேச்சாக என்னிடம் சொன்னான்:

“மச்சான், பசிக்குது. அந்த அம்மா களி கிண்டினாங்களே, மிச்சம் கீதா?”

ஹவில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டினார். “பத்தொம்பது நாளு பாடி ஒருத்தரயும் தொடாம வந்து நிக்கான் பாரு. இதுக்கு உனக்கு வெக்கமா இல்லையாலே?”

“தொடலாம்னுதான் போனேன் அண்ணாச்சி. எல்லாம் நல்லவங்களா கீறாங்க,” என்றான் வேடியப்பன். ஒரு சட்டி களியையும் தின்றுவிட்டுத்தான் லாரியில் ஏறினான்.

நான் கடைசியாக ஏறினேன். ஏறுவதற்குமுன் ஜுஸ்தீனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், புகார் வந்தால் வரட்டும் என்று. அவள் கையை உருவிக்கொண்டாள்.

“உங்கள் ஆள் வந்துவிட்டான். இப்போது எங்கள் முறைதானே?”

ஆமாம் என்றேன். ஒரு பக்கத்துப் பாட்டு முடிந்தால் மறுபக்கத்து முறை. அதை நாங்கள்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம்.

அவள் கறுப்புப் பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, குனிந்து பனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிவப்புக் கோட்டைத் தாண்டினாள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை, காலிக் களம்தான், அதற்கப்பால் கிணறு, அதற்கப்பால் கிழக்கே மலைகள். நிறைய மூச்சு இழுத்தாள். ‘சதுகுது’ என்று தொடங்கினாள், எங்கள் பேச்சு அவள் வாயில் அப்படித்தான் வரும், ‘சதுகுது சதுகுது’ என்று கிழக்கே, ரஷ்யாவின் பக்கம், முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். லாரிகள் கிளம்பின. மூன்று வளைவுகள் இறங்கும்வரை இஞ்சின் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டது. அது ஒரு தடவைகூட அறவில்லை.

சண்டை முடிந்து மறு வருஷம் வந்து சேர்ந்தோம். ரயிலடியில் பச்சையம்மாள் அண்ணனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “பாடப் போயிருக்கான்னு எழுதினீங்களே, அப்பவே தெரியும் எனக்கு, கோட்டக் காணோம்னு,” என்றாள். வேடியப்பன் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளைகுட்டி பெற்று, எழுபது வயது இருந்து போனான். மறுபடி அவன் ஆடவில்லை. யாராவது கூப்பிட்டால், எனக்கு மூச்சு போதும்டா, நான் நிறைய இழுத்துக்கினு வந்துட்டேன் என்பான்.

கல்யாணமான முதல் வாரத்தில் பச்சையம்மாளுக்கு முழுக்கதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பனி உருகியிருக்குமே. அந்த அம்மா திரும்பி வர்றதுக்கு இப்ப கோடு எங்க கீது?”

எனக்கு அது தோன்றவே இல்லை. மோந்தே கல்வீனோவுக்கு மூன்று கடுதாசி எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை, எத்தோரே வந்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பச்சையம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் வாசலில் கோலம் போட்டு முடித்தவள், செம்மண்ணைக் கரைத்து, கோலத்துக்கு வெளியே, தெருவோரமாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டாள். “அவங்க எங்கண்ணனுக்குப் போட்டாங்க இல்ல?” என்றாள். நாற்பத்தெட்டு வருஷம், தீட்டு நாளில் என்னைப் போடச் சொல்லி, பிரசவத்துக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போய், ஒருநாள் விடாமல் அந்தக் கோடு இருந்தது.

அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. கோலம் எனக்குப் போட வராது, புள்ளி கோணிக்கொள்கிறது. கோடு வரும். எதிர்வீட்டு லோகாம்பாள் புதிதாகக் குடிவந்தபோது கேட்டாள், “இன்னா பெரியவரே, கோலமில்லாம வெறும் கோடு போடறீங்க, அதும் போட்டுட்டு அங்கியே நிக்கறீங்க?”

“ஒரு அம்மா பாடப் போயிருக்காங்க,” என்றேன். “இன்னும் திரும்பல.”

அவள் ஏதோ புரிந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மார்கழிக் காலையில் தெருவில் பனிமூட்டம் இருக்கும், எதிர்வீடு தெரியாது, சில நாள் தலையில் துளித்துளியாக ஈரம் விழும். நான் கோட்டின் முனையில் நிற்கிறேன். என்ன விழுந்தாலும் கையை நீட்டுவதில்லை.